கீழ் உருளைக் கைப்பிடி

ஏற்காட்டில் ஐப்பசி வந்துவிட்டால் துணி காயாது. மூடுபனி கொடிக்கயிற்றிலேயே குடியிருக்கும். திங்கட்கிழமை உலர்த்திய போர்வையைப் புதன்கிழமை தொட்டாலும் நாய் மூக்கு மாதிரி சில்லென்று ஈரமாக இருக்கும். அதனால் அந்த ஊரில் துவைக்கிறவளைவிடப் பிழிகிறவளுக்குத்தான் மதிப்பு. ஏரிக்கு மேலே இருந்த பெண்பிள்ளைகள் விடுதியின் சலவைக் கொட்டகையில் அந்த மதிப்பு முழுவதையும் அம்மணி ஒருத்தியே வைத்திருந்தாள்.

கனத்த போர்வை என்றால் இரண்டு பேர் எதிரெதிரே நின்று ஆளுக்கொரு முனையைப் பிடித்து முறுக்குவார்கள். அம்மணி ஒரு முனையைப் பிடித்தால் மறுமுனைக்கு ஆள் கிடைக்காது. பிடித்தவள் முறுக்கோடு முறுக்காகத் தானும் சுழன்று போய்த் தொட்டியில் விழ வேண்டியதுதான்.

"அம்மணி முறுக்குனா போர்வை வாய் உட்டு அழுவும்" என்பாள் பூவாயி. கொட்டகையில் வயதில் மூத்தவள் பூவாயி. வாய்க்கு மட்டும் வயதாகவில்லை.

எழுபத்தெட்டாம் வருஷம் அந்த மதிப்புக்குக் கேடு வந்தது. எஸ்டேட்டை விற்றுவிட்டுப் போன ஒரு துரையின் பங்களாச் சாமான்களை விடுதி வார்டனம்மா ஏலத்தில் எடுத்தார். நாற்காலி, கண்ணாடி அலமாரியோடு ஒரு பிழியும் மிஷினும் வந்து சேர்ந்தது. இரும்புச் சட்டம், ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு மர உருளைகள், இரண்டையும் கோக்கும் பல்சக்கரங்கள், பக்கத்தில் ஒரு கைப்பிடி. உருளைகளுக்கு நடுவே ஈரத்துணியைக் கொடுத்துச் சுற்றினால் தண்ணீர் இந்தப் பக்கம் நின்றுவிடும், துணி அந்தப் பக்கம் போய்விடும்.

"சேலம் பஸ் ஸ்டாண்டு கரும்பு மிசினாட்டமே இருக்குது" என்றாள் பூவாயி. "சாறு யாருக்கு, சக்கை யாருக்கு?"

எல்லாரும் சிரித்தார்கள். அம்மணி சிரிக்கவில்லை. "இந்தக் கட்டையை நான் தொட்டா என் பேரு அம்மணி இல்ல" என்று சொல்லிவிட்டு அலசும் தொட்டிப் பக்கம் போய் உட்கார்ந்துகொண்டாள்.

முதல் நாளே மிஷின் அவள் பக்கம் பேசியது. சீருடைகளைக் கொடுத்ததும் பித்தான்கள் பொரி மாதிரி நொறுங்கின. அம்மணி உடைந்த சில்லுகளைப் பொறுக்கி, உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு வார்டனம்மாவிடம் போனாள்.

"பாருங்கம்மா. என் கை ஒரு பித்தானை ஒடைச்சிருக்குமா?"

அதோடு நிறுத்தியிருக்கலாம். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். அவள் மேலும் ஒரு வார்த்தை சொன்னாள். "எங்கூட்டுக்காரரு எஸ்டேட்ல பல்ப்பரு மிசினையே பிரிச்சு மாட்டறவருங்க. அவரு பாத்தாருன்னா இதைத் தூக்கிக் கடாசுங்கன்னுதான் சொல்லுவாரு."

"அப்படியா?" என்றார் வார்டனம்மா. "அப்ப அவரையே வரச் சொல்லு."

பெரியசாமி மறுநாள் வேலை விட்டு வந்தார். மாடு வாங்க வந்தவர் பல்லைப் பிடித்துப் பார்ப்பதுபோலப் பல்சக்கரத்தைத் தடவிப் பார்த்தார். காப்பிப் பழத்தின் தோலை உரிக்கும் பல்ப்பரோடு காலம் தள்ளியவர் அவர். இடைவெளி அதிகமானால் தோல் உரியாது, குறைந்தால் கொட்டை நசுங்கும்.

"துணிக்கும் அதே கணக்குதான்" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். பிறகு நிமிர்ந்து, "யாராச்சும் சுத்துங்க, பாக்கலாம்" என்றார்.

அம்மணி கையைத் துடைத்துக்கொண்டு வேறெங்கோ பார்த்தாள். சபதம் இருக்கிறதே. காவேரிதான் எழுந்து வந்தாள். தலைச்சோலை கிராமத்திலிருந்து அந்த வருஷம் வேலைக்கு வந்தவள். மிளகுக்கொடி ஏறிய மரத்திலிருந்து விழுந்து புருஷன் போய்விட்டான். ஒடிசலான உடம்பு, சின்னக் கை. போர்வை முறுக்க லாயக்கில்லை என்று அம்மணியே பலமுறை ஒதுக்கிய கை.

காவேரி கைப்பிடியைப் பிடித்து வேகமாகச் சுற்றினாள்.

"மெதுவாச் சுத்துங்க அம்மணி, மெதுவா" என்றார் பெரியசாமி.

தொட்டியோரம் இருந்த அம்மணி சட்டென்று திரும்பினாள். அவர் அவளைப் பார்க்கவில்லை. காவேரியின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சேலத்துப் பக்கம் அது வழக்கம்தான். எந்தப் பெண்ணையும் மரியாதையாகக் கூப்பிட வேண்டுமென்றால் 'அம்மணி' என்பார்கள். பஸ் கண்டக்டர் சொல்வார், கடைக்காரர் சொல்வார். அதில் ஒரு தப்பும் இல்லை. ஆனால் பெயரே அம்மணியாக இருக்கிறவளுக்கு ஒரு கஷ்டம் உண்டு. வீட்டில் பெரியசாமி அவளை 'ஏ புள்ள' என்றுதான் கூப்பிடுவார். தாலி கட்டிய நாளிலிருந்து அந்தப் பெயர் அவர் வாயில் வந்ததே இல்லை. ஆசையாக வரும் என்று முதலில் காத்திருந்தாள். பிறகு கூச்சப்படுகிறார் என்று விட்டுவிட்டாள். இப்போது அது வந்தது. ஒரு 'ங்க'வும் சேர்ந்து, இன்னொருத்திக்கு வந்தது.

பெரியசாமி அடிக்கடி வர ஆரம்பித்தார். மிஷினில் நடுவே ஒற்றைத் திருகுதான் இருந்தது. அது மேல் உருளையை ஒரே பிடியாக அழுத்தியதால்தான் பித்தான் நொறுங்கியது. அதைக் கழற்றிவிட்டு இரண்டு ஓரத்திலும் ஸ்பிரிங் வைத்தார். ஜீப் ஒர்க்‌ஷாப் ஸ்தனிஸ்லாஸிடம் கேட்டு வாங்கிய பழைய ஸ்பிரிங்குகள். இப்போது பித்தான் வந்தால் மேல் உருளை கொஞ்சம் எழும்பி வழிவிட்டு, மறுபடி படிந்துகொண்டது. உருளைகளுக்கு ரப்பர் சுற்றினார். கீழே ஒரு தகரத் தட்டைச் சாய்வாக வைத்தார். பிழிந்த தண்ணீர் காலில் கொட்டாமல் தொட்டிக்கே திரும்பியது.

ஒவ்வொன்றையும் வைத்துவிட்டு அவர் காவேரியிடம்தான் கேட்பார். "இப்ப எப்படி இருக்குதுங்க அம்மணி? வலது ஓரம் புடிக்குதா?"

காவேரி யோசித்துத்தான் பதில் சொல்வாள். "ரப்பரு ரெண்டு உருளைக்கும் வேண்டாமுங்ணா. மேல மட்டும் மெத்துனு இருந்தாப் போதும். கீழயும் மெத்துன்னா துணி வழுக்குது."

"அட, ஆமா" என்று சின்னப் பையன் மாதிரி குதிகாலில் எழும்புவார்.

ராத்திரிச் சோற்றுக்கு உட்கார்ந்தாலும் அதே பேச்சு. களியைப் பிசைந்துகொண்டே, "தகரத் தட்டு காவேரி சொன்ன யோசனைதான். நல்ல மூளை அதுக்கு" என்பார். அம்மணி குழம்பை ஊற்றுவாள். கீரைக் குழம்பா புளிக் குழம்பா என்று அவர் பார்க்கவே மாட்டார்.

தப்பான உறவு என்று அவள் ஒருநாளும் நினைக்கவில்லை. காவேரி அவரை 'அண்ணா' என்றுதான் கூப்பிட்டாள். அவரும் கைக்கெட்டாத தூரத்தில்தான் நிற்பார். அம்மணியின் வயிற்றில் எரிந்தது வேறு. அவர் கேட்கிறார். இத்தனை வருஷத்தில், 'உனக்கு எப்படி இருக்குது, உன் யோசனை என்ன' என்று அவளிடம் அவர் ஒரு தரமும் கேட்டதில்லை. அந்தக் கேள்வி அவளுக்கு வேண்டும். அது காவேரிக்குப் போய்க்கொண்டிருந்தது.

ஒரு சாயங்காலம் பெரியசாமி வாசலில் உட்கார்ந்து காப்பி மரக் கட்டை ஒன்றைச் செதுக்கிக்கொண்டிருந்தார். கண்ணாடிச் சில்லால் சுரண்டிச் சுரண்டி வழவழப்பாக்கினார். வீட்டில் மத்து உடைந்து மாதக்கணக்காகிறது. கேட்காமலே செய்கிறாரே என்று அம்மணிக்கு மனசு குளிர்ந்துபோயிற்று. பொட்டுக்கடலையும் வெல்லமும் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தாள். மறுநாள் கொட்டகையில் பார்த்தால் அந்தக் கட்டை மிஷின் கைப்பிடியில் உறையாக ஏறியிருந்தது. காவேரியின் சின்ன உள்ளங்கைக்குள் கச்சிதமாக அடங்கியிருந்தது.

அன்றைக்கு அம்மணி அந்த உடைந்த மத்தால் கடைந்த தயிரில் வெண்ணெய் திரளவில்லை என்றால், அது மத்தின் குற்றம் மட்டுமல்ல.

விடுதியில் இரண்டு பிள்ளைகளுக்குக் காய்ச்சல் கண்ட வாரம் அது. அம்மணி வழக்கம்போல அலசும் தொட்டியோரம் உட்கார்ந்திருந்தாள். அங்கிருந்து பார்த்தால் மிஷினின் கைப்பிடி நேராகத் தெரியும். காவேரி சுற்றச் சுற்ற அது இடப்பக்கமாகச் சுழன்றது.

அந்த மலையில் திரிகை சுற்றினாலும் ஆரத்தி சுற்றினாலும் வலமாகத்தான் சுற்றுவார்கள். இடஞ்சுற்று சாவு வீட்டுக்கு உரியது.

"ஏக்கா பூவாயி" என்றாள் அம்மணி, நாலு பேர் காதில் விழும்படி. "புள்ளைங்க துணியை எப்படிச் சுத்திப் புழியறா பாத்தியா? எடஞ்சுத்து. சாவுச் சுத்து. அப்புறம் காய்ச்சல் வராம என்ன பண்ணும்?"

பூவாயி எட்டிப் பார்த்தாள். அவள் முகத்தில் வேடிக்கை போய்விட்டது. "அட ஆமாடி!"

"அவளுக்கென்ன, பழகுன சுத்துதானே" என்றாள் அம்மணி.

சொன்ன பிறகுதான், புருஷனைப் பறிகொடுத்தவளை அது எங்கே போய்க் குத்தும் என்று அவளுக்கே தெரிந்தது. காவேரியின் கை நின்றது. உருளைகளுக்கு நடுவே பாதிப் போர்வை அப்படியே தொங்கியது. கைப்பிடியை மெதுவாக விட்டுவிட்டுப் போய்ச் சோப்புக் கரைக்க உட்கார்ந்தாள்.

இதில் ஒன்று சொல்ல வேண்டும். எதிரெதிரே நின்று போர்வை முறுக்குகிற இரண்டு பேரும் அவரவர் வலப்பக்கம்தான் திருகுவார்கள். அப்போதுதான் முறுக்கு ஏறும். ஆனால் எதிரே நிற்பவள் கையைப் பார்த்தால் இடமாகத் திருகுவதுபோலத்தான் தெரியும். ஆயுசெல்லாம் போர்வை முறுக்கிய அம்மணிக்கு இது தெரியாததல்ல. மிஷினுக்கு மறுபக்கம், சுவரோரம் போய் நின்று பார்த்தால் அதே சுற்று வலமாக இருக்கும். அந்தப் பக்கம் போய்ப் பார்க்கத்தான் யாருக்கும் தோன்றவில்லை. அம்மணியும் சொல்லவில்லை.

பேச்சு பனியைவிட வேகமாகப் பரவியது. துணிமூட்டை கொண்டுவரும் ஆயாக்கள், "மிசினுல போடாதீங்க, கையில புழிங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். கடைசியில் வார்டனம்மா பெரியசாமிக்கு ஆள் அனுப்பினார். "சனிக்கிழமைக்குள்ள சுத்தை மாத்துங்க. இல்லேன்னா பழைய இரும்புக்குப் போட்டுடறேன். மிஷின் சுத்தத்தான் காவேரியை வெச்சிருக்கேன், அது போனா அவளையும் வெச்சுக்க முடியாது."

அம்மணி கேட்டது கிடைத்துவிட்டது. ஆனால் அன்று ராத்திரி பெரியசாமி களியைத் தொடவில்லை.

"எந்த நாறவாயி கெளப்பி உட்டாளோ" என்றார்.

"ஊருல வாயிக்கா பஞ்சம்" என்று சொல்லிக்கொண்டே அந்த நாறவாயி அவருக்குக் குழம்பு ஊற்றினாள்.

"மாத்திச் சுத்துனா துணி தொட்டிக்கே திரும்பி வரும். மிசினையே திருப்பி வெச்சா கைப்புடி செவுத்துல இடிக்கும். காவேரியக் கேக்கலாம்னா அது வாயே தொறக்க மாட்டேங்குது."

இப்போதும் காவேரிதான். அம்மணிக்குச் சட்டியைப் போட்டு உடைக்கலாம் போலிருந்தது.

அவர் இரண்டு லோட்டாக்களை எடுத்துப் படுக்கைவாட்டில் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்த்துப் பிடித்தார். மேலே இருந்ததை இடப்பக்கம் திருகினார். ஒட்டியிருந்த கீழ் லோட்டா தானாக வலப்பக்கம் திரும்பியது. அவர் பார்வை மேல் லோட்டாவிலேயே இருந்தது. மறுபடி திருகினார். மறுபடியும் கீழது வலமாகத் திரும்பியது. அம்மணி எவ்வளவு நேரம்தான் பொறுப்பாள்?

"ஏனுங்க, கைப்புடி மேல் உருளையிலதானே இருக்குது?"

"ஆமா."

"அதைக் கழட்டிக் கீழ் உருளையில மாட்டுனா என்னங்க? அது வலமாத்தானே சுத்துது."

பெரியசாமியின் கைகள் நின்றன. "அப்பத் துணி?"

"துணி போற பக்கந்தான் போவும். உருளை ரெண்டும் பழையபடிதான் சுத்துது. நாம புடிக்கிற எடந்தானே மாறுது."

அவர் லோட்டாக்களைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். மறுபடி லோட்டாக்களைப் பார்த்தார். "ஏ புள்ள, இத்தன நாளா இந்த மூளைய எங்க வெச்சிருந்த?"

"நீங்க கேக்கலியே."

அவர் காதில் அது விழுந்ததோ இல்லையோ. ஆறிப்போன களியை அள்ளி அள்ளித் தின்றார்.

சனிக்கிழமை கொட்டகையில் திருவிழாக் கூட்டம். ஸ்தனிஸ்லாஸின் ஒர்க்‌ஷாப்பில் கீழ் அச்சின் முனையை அரத்தால் ராவிக் கொண்டுவந்து, பெரியசாமி கைப்பிடியைக் கீழே மாட்டினார். வார்டனம்மா முன்னால் நின்றார். ஆயாக்கள் பின்னால் நின்றார்கள். சுற்றச் சொன்னதும் காவேரி தயங்கித் தயங்கி வந்தாள். கைப்பிடி வலமாகச் சுழன்றது. போர்வை பழையபடியே தொட்டியிலிருந்து ஏறி அந்தப் பக்கம் தட்டையாக இறங்கியது.

"வலஞ்சுத்துதான்" என்று பூவாயி தீர்ப்புச் சொன்னாள்.

"எங்கூட்டுல சொன்ன யோசனைங்கம்மா" என்றார் பெரியசாமி வார்டனம்மாவிடம். எங்கூட்டுல. அதிலும் பெயர் இல்லை. வார்டனம்மா தலையாட்டிவிட்டுப் போய்விட்டார்.

அப்போது காவேரி கைப்பிடியை நிறுத்தி, மணிக்கட்டைத் தடவிப் பார்த்துக்கொண்டாள். "ஏனுங்ணா, இப்பக் கையில இழுப்பே இல்லீங்களே. முந்தி தடிச்ச தையலு வந்தா கைப்புடியும் சேந்து எகிறும். ராத்திரியெல்லாம் வலிக்கும்."

பெரியசாமி நெற்றியில் அடித்துக்கொண்டார். "எகிறாதா பின்ன! மேல் உருளைதானே ஸ்பிரிங்குல ஏறி எறங்குது. கீழது அசையாம நிக்குது. மொதல்லயே இங்கதான் வெச்சிருக்கணும்! நீங்க சொல்லித்தான் தெரியுதுங்க அம்மணி." அவர் மிஷினுக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, ஸ்பிரிங்கைக் காட்டி அவளுக்கு விளக்க ஆரம்பித்துவிட்டார்.

அம்மணி தொட்டியோரத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். யோசனை அவளுடையது. ஆனால் கைப்பிடியில் இருப்பது காவேரியின் கை. கைப்பிடியில் எந்தக் கை இருக்கிறதோ அதைத்தான் அவர் கேட்பார். இன்னும் நூறு யோசனை சொன்னாலும் கேள்வி அந்தப் பக்கம்தான் போகும்.

"இன்னொருக்காச் சுத்திப் பாருங்க அம்மணி" என்றார் பெரியசாமி.

அம்மணி எழுந்தாள். முந்தானையில் கையைத் துடைத்தாள். "இதா, வர்றனுங்க" என்று நேராக மிஷினிடம் வந்து நின்றாள். "என்னத்தானே கூப்புட்டீங்க?"

பெரியசாமி குந்தியபடியே அவளை அண்ணாந்து பார்த்தார்.

பூவாயிக்கு அவ்வளவு நேரம் சும்மா இருந்ததே பெரிது. "ஏண்டி, தொட்டா பேரு அம்மணி இல்லைன்னியே! இனி உன்னை என்னன்னு கூப்புடறது?"

"அந்தப் பேரைத்தான் இவரு ஊருக்கே பொதுவாக்கிட்டாரே. எனக்கெதுக்கு அது?"

சிரிப்பில் தகரக் கூரை அதிர்ந்தது. காவேரி சிரிக்கவில்லை. கைப்பிடியை விட்டு விலகி நின்று, அம்மணிக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள். "கைப்புடி வேணும்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அன்னிக்கே உட்டுக் குடுத்திருப்பனுங்க அக்கா. அந்தப் பேச்சுப் பேசியிருக்க வேண்டாம்."

அம்மணிக்குக் காது சுட்டது. மன்னிப்புக் கேட்க அவளுக்கு வராது. கோபமாகத்தான் வந்தது. எல்லாருக்கும் கேட்கும்படியே கத்தினாள். "நீ எதுக்குடி வாயப் பொத்திட்டுப் போன? 'செவுத்தோரம் வந்து பாரு, அங்கிருந்து பாத்தா வலமாத்தான் இருக்குது'ன்னு திருப்பிக் கேக்க வேண்டியதுதானே? எனக்குத்தான் மொத நாளே தெரியுமே!"

சிரிப்பு அடங்கியது. பூவாயி அவளையே உற்றுப் பார்த்தாள். பெரியசாமியும் பார்த்தார். நாறவாயி யாரென்று அவருக்கு அப்போது தெரிந்துவிட்டது.

யாரும் ஒன்றும் பேசுவதற்குள் அம்மணி கைப்பிடியைப் பிடித்துச் சுற்றினாள். போர்வை சரசரவென்று ஏறியது. தண்ணீர் தகரத் தட்டில் ஓடிய வேகத்தைப் பார்த்து ஆயாக்கள் பின்னால் நகர்ந்தார்கள். ஆனால் அவள் கையில் எதுவோ ஒவ்வவில்லை. பார்த்தாள். காப்பிக் கட்டை உறை அவள் உள்ளங்கைக்குள் விரல் தடிமன் குச்சியாகக் கிடந்தது. விரல்கள் மடங்கி, நகங்கள் அவள் சதையிலேயே பதிந்தன.

பெரியசாமி பக்கத்தில் வந்து நின்றார். திட்டப் போகிறார் என்று அவள் காத்திருந்தாள். அவர் மிஷினைப் பார்த்தார், பிறகு அவள் கையைப் பார்த்தார்.

"கைக்கு எப்படி இருக்குது?" என்றார்.

அம்மணி கைப்பிடியை விட்டுவிட்டு உள்ளங்கையை விரித்துக் காட்டினாள். "உருளை நல்லாத்தான் இருக்குதுங்க. இந்த உறை என் கைக்கு ஆவாது. இது அவ கைக்குச் செஞ்சது. எனக்கு வேற போடுங்க."

அவர் சட்டைப்பையிலிருந்து சணல் துண்டு ஒன்றை எடுத்தார். நாலு பேர் முன்னால் அவள் கையைப் பிடித்தார். கலியாணத்தன்று பிடித்ததற்குப் பிறகு அப்படிப் பிடித்ததில்லை. பூவாயி என்னவோ சொன்னாள். அம்மணி காதில் அது விழவில்லை.

"விரலை மடக்கு, அம்மணி" என்றார்.

'மடக்குங்க' என்று சொல்லவில்லை. மற்றவர்களுக்கெல்லாம் தவறாமல் போடுகிற அந்த 'ங்க' இதில் இல்லை. அவள் விரலை மடக்கினாள். சணல் உள்ளங்கையைச் சுற்றி வந்தது.

காவேரி குனிந்து போர்வையை மடித்துக்கொண்டிருந்தாள். அந்த 'ங்க' இல்லாததை அவளும் கவனித்திருப்பாள் என்று அம்மணிக்குத் தோன்றியது. கவனித்திருக்க வேண்டும் என்றும் ஆசையாக இருந்தது.